டீம்ல இருந்து ஆள் போனாலும் விஷயம் போகாம இருக்க: அஜைல் ப்ராஜெக்ட்ல மாடலிங், ஆரம்பத்துல இருந்து

ஐடி டீம்ல கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், போறவர் தனக்குத் தெரிஞ்சதை இருக்குறவங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது) செஷன் எப்படி நடக்கும்னு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனவங்களுக்குக்கூட தெரிஞ்சிருக்கும். ஒருத்தர் பேப்பர் போட்டுட்டாரு, நோட்டீஸ் பீரியட் ஓடிட்டிருக்கு, கடைசி ரெண்டு வாரம் அவரோட காலண்டர் முழுக்க கேடி மீட்டிங் தான், அவர் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி ஒவ்வொரு ஃபோல்டரா திறந்து "இது பேமெண்ட் சர்வீஸ், இது நோட்டிஃபிகேஷன், இது ரொம்ப பழசு இதைத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டே போவாரு, எதிர்ல இருக்குறவங்க ஓகே ஓகேன்னு கேட்டுக்குவாங்க, எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி எங்கயாவது ஒரு டிரைவ்ல போட்டுடுவாங்க. அவர் போய் ரெண்டு மூணு மாசத்துல புரொடக்‌ஷன்ல (மக்கள் நிஜமா பயன்படுத்துற சிஸ்டத்துல) ஏதாவது ஒண்ணு உடையும். தொடாதீங்கன்னு சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஏன் தொடக்கூடாதுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த "ஏன்" தான் ஒரு டீம்கிட்ட இருக்குற அறிவுலயே விலை அதிகமான பகுதி, முதல்ல தொலைஞ்சு போறதும் அதுதான். புரோகிராம் கோடு என்ன செய்யுதுன்னு கோடே சொல்லும், பொறுமையா உக்காந்து படிச்சா எப்படி செய்யுதுன்னும் புரிஞ்சிடும். ஆனா ஏன் இப்படி எழுதினாங்க, வேற எந்த வழியெல்லாம் யோசிச்சு வேண்டாம்னு விட்டாங்க, எந்த பேங்க் எந்த கிளையன்ட் பண்ணின தொந்தரவுக்காக இந்த ஒரு வரி வந்துச்சு, இதெல்லாம் கோடுல இருக்காது. மண்டையில தான் இருக்கும்.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த கம்ப்யூட்டர் விஞ்ஞானி பீட்டர் நவுர் 1985லயே இதைப் பத்தி எழுதியிருக்காரு. அவர் சொன்ன ஒரு கேஸ் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஒரு டீம் ஒரு புரோகிராமிங் மொழிக்கு கம்பைலர் (அந்த மொழியில எழுதினதை கம்ப்யூட்டருக்குப் புரியுற வடிவத்துக்கு மாத்துற சாஃப்ட்வேர்) எழுதுறாங்க, இன்னொரு டீம் அதை வாங்கி கொஞ்சம் பெரிய மொழிக்கு விரிவாக்கணும். ரெண்டாவது டீமுக்கு முழு டாக்குமெண்டேஷன் குடுத்தாச்சு, கமெண்ட்டோட கோடு குடுத்தாச்சு, முதல் டீம்கிட்ட நேரா கேட்டுக்கவும் வழி இருந்துச்சு. அப்படியும் அவங்க கொண்டு வந்த பல டிசைன், உள்ள ஏற்கனவே இருந்த வசதியைப் பயன்படுத்தாம மேல ஒட்டுப்போடுற மாதிரி இருந்துச்சாம், முதல் டீம் ஆளுங்க பாத்த உடனே இதுக்கு ஏற்கனவே உள்ளயே இடம் இருக்கேன்னு சிம்பிளா ஒரு வழி சொல்லிடுவாங்களாம். நவுர் இதுல இருந்து எடுத்த முடிவு, புரோகிராம்னா வெறும் எழுத்து கிடையாது, அதை எழுதினவங்க மனசுல இருக்குற ஒரு புரிதல், அந்தப் புரிதல் இருக்குற ஆளுங்க கலைஞ்சு போனா புரோகிராமும் செத்த மாதிரி தான், டாக்குமெண்டை மட்டும் வெச்சு அதுக்கு உயிர் குடுக்க முடியாதுன்னு. கடைசி வரியில நான் அவரோட முழுசா ஒத்துப்போகல, பாதியாவது காப்பாத்தலாம்ங்கறது என் கருத்து. அந்தப் பாதியை மாடலிங் வெச்சு எப்படி காப்பாத்துறதுன்னு தான் கீழ சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி அஜைல் (வேலையை சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு முடிச்சு, மாத்திக்கிட்டே போற சாஃப்ட்வேர் உருவாக்கும் முறை) பத்தி ஒரு தப்பான எண்ணத்தை சரி பண்ணிடணும். "நாங்க அஜைல், அதனால டாக்குமெண்ட் எழுத மாட்டோம்"னு சொல்ற டீம் நிறைய இருக்கு. 2001 பிப்ரவரியில அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஸ்னோபேர்ட்ங்கற இடத்துல 17 பேர் கூடி எழுதினது தான் அஜைல் மேனிஃபெஸ்டோ. அதுல விரிவான டாக்குமெண்டேஷனை விட ஓடுற சாஃப்ட்வேருக்கு மதிப்பு அதிகம்னு இருக்கு, உண்மை தான், ஆனா கீழயே இன்னொரு வரியும் இருக்கு, வலது பக்கம் இருக்குறதுக்கும் (டாக்குமெண்டேஷன் மாதிரி) மதிப்பு உண்டு, இடது பக்கம் இருக்குறதை (ஓடுற சாஃப்ட்வேர் மாதிரி) நாங்க கூடுதலா மதிக்கிறோம்னு. டாக்குமெண்டே வேண்டாம்னு அந்த 17 பேரும் எங்கயும் சொல்லல. இன்னொரு விஷயம் சொல்றேன். அஜைல்ல ஒரு முறையான ஸ்க்ரமுக்கு அந்தப் பேரு வந்ததே 1986ல நோனாக்கா, தாக்கேயூச்சினு ரெண்டு ஜப்பான் பேராசிரியர்கள் எழுதின ஒரு கட்டுரையில இருந்து தான், ஜப்பான் கம்பெனிகள் புதுப் பொருளை எப்படி உருவாக்குறாங்கன்னு ரக்பி ஆட்டத்தை வெச்சு விளக்கியிருந்தாங்க. அதே ரெண்டு பேரும் 1995ல ஒரு முழுப் புத்தகமே எழுதினாங்க, ஒருத்தர் மனசுல சொல்லாம கிடக்குற அறிவை ஒரு நிறுவனம் எப்படி எல்லாருக்கும் புரியுற வடிவத்துக்குக் கொண்டு வருதுன்னு. ஸ்க்ரமுக்குப் பேரு வந்த இடமும் டீம் அறிவு பத்தின பேச்சும் ஒரே ஆளுங்ககிட்ட இருந்து வந்திருக்கு, நாம முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டாவது பாதியை விட்டுட்டோம்.

விட்டா என்ன ஆகும்? 2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிடல், அமெரிக்க பங்குச் சந்தையில பெரிய டிரேடிங் நிறுவனம். அவங்க ஆர்டர் அனுப்புற சிஸ்டத்துல பவர் பெக்னு ஒரு பழைய ஃபங்ஷன் இருந்துச்சு, 2003லயே அதைப் பயன்படுத்துறத நிறுத்திட்டாங்க, ஆனா கோடை எடுக்கல. நடுவுல 2005ல, எவ்வளவு ஆர்டர் போயிருக்குன்னு எண்ணி போதும்னு நிறுத்துற பகுதியை கோடுல வேற இடத்துக்கு மாத்தினாங்க, பவர் பெக் இன்னும் சரியா ஓடுதான்னு திரும்ப டெஸ்ட் பண்ணல. 2012ல புது வசதி எழுதும்போது, பவர் பெக்கை ஆன் பண்ண முன்னாடி பயன்படுத்தின அதே ஃபிளாக்கை (ஒரு வசதியை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச் மாதிரி) புது வசதிக்கு எடுத்துக்கிட்டாங்க. மொத்தம் 8 சர்வர், ஒண்ணுல புதுக் கோடு போகல. காலையில மார்க்கெட் திறந்ததும் அந்த ஒரு சர்வர்ல ஃபிளாக் ஆன் ஆகி, பழைய பவர் பெக் முழிச்சுக்கிட்டு நிக்காம ஆர்டர் அனுப்ப ஆரம்பிச்சிடுச்சு. மார்க்கெட் திறக்குறதுக்கு முன்னாடியே சிஸ்டம் தானா 97 மெயில் அனுப்பியிருக்கு, அதுல பவர் பெக்னு பேரே இருந்துச்சு, யாரும் அதை எச்சரிக்கையா எடுத்துக்கல. பிரச்சனையை நிறுத்தப் போனவங்க, சரியா இருந்த 7 சர்வர்ல இருந்தும் புதுக் கோடை எடுத்துட்டாங்க, அதனால அந்த ஏழுலயும் பழைய கோடு ஓட ஆரம்பிச்சிடுச்சு. சுமார் 45 நிமிஷம், 46 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு அமெரிக்க பங்குச் சந்தை கட்டுப்பாட்டு ஆணையம் பின்னாடி போட்ட உத்தரவுல இருக்கு.

டிப்ளாய் பண்ணினதுல, அதாவது புதுக் கோடை சர்வர்ல ஏத்தினதுல, தப்பு இருந்துச்சு, இன்னொருத்தர் சரிபாக்குற வழக்கம் இல்லாம இருந்துச்சு, அதெல்லாம் உண்மை. ஆனா அடியில இருந்தது, அந்த ஃபிளாக் முன்னாடி எதுக்கு இருந்துச்சு, அந்த எண்ணுற பகுதியை மாத்தினா எது பாதிக்கும்ங்கற விஷயம் 9 வருஷத்துல யார் கையிலயும் இல்லாம போனது தான்னு நான் நினைக்கிறேன். அரைப் பக்கத்துல எழுதி முடிச்சிருக்கலாம்.

சரி, மாடல்னா என்ன?

மாடல்னதும் யூஎம்எல் (சாஃப்ட்வேரைப் படமா வரையுற ஒரு குறியீட்டு முறை) ஞாபகம் வந்து பயப்படுறவங்க உண்டு. காலேஜ்ல பரீட்சைக்குப் படம் போட்டது, 14 வகை டயக்ராம், வைரம் போட்ட அம்புக்குறி ஒண்ணு, போடாதது ஒண்ணு. அதெல்லாம் இப்போதைக்குத் தேவையில்ல. சிஸ்டத்துல ஒரு கேள்விக்கு சம்பந்தமானதை மட்டும் எடுத்து மத்ததை எல்லாம் விட்டுட்டுக் காட்டுற எதுவும் மாடல் தான், நாலு பெட்டியும் அஞ்சு அம்புக்குறியும் போதும், ஒரு டேபிள் போதும், சில நேரம் பத்து வரி எழுத்து போதும். வீடு கட்டுறவங்க சுவர்ல பைப், வயரிங் எல்லாம் ஓட்டி முடிச்சதும் பூச்சு வேலைக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குவாங்க இல்லையா, பின்னாடி ஆணி அடிக்கும்போது எங்க அடிக்கக்கூடாதுன்னு தெரியுறதுக்கு, அதே நோக்கம் தான். செங்கல் ஒவ்வொண்ணையும் யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, வெளியில இருந்து பாத்தா தெரியாததை மட்டும் தான் எடுப்பாங்க.

இதுல புதுசா வர்றவங்க கவனிக்க வேண்டியது, மாடல் ரெண்டு வேலைக்கு. ஒண்ணு நாமளே யோசிக்கிறதுக்கு, இன்னொண்ணு மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு. யோசிக்கப் போட்ட படம் வேலை முடிஞ்சா அழிச்சிடலாம், போர்டுல வரைஞ்சு பேசி முடிச்சு அழிக்கிற படத்துல முக்கால்வாசி அந்த வகை தான், அதை எல்லாம் டீமோட விக்கியில (டீம் சேர்ந்து எழுதி வெக்கிற பக்கங்கள்) ஏத்தி வெச்சா மூணு மாசத்துல எல்லாம் பழசாகி, பழசான படம் பொய் சொல்ல ஆரம்பிச்சு, அப்புறம் அந்த விக்கியையே யாரும் நம்ப மாட்டாங்க. எல்லாத்தையும் எழுதி வெக்கணும்னு ஆரம்பிக்கிற டீம் கடைசியில எதையும் வெச்சுக்காத டீமா தான் முடியும். கொஞ்சமா வெச்சுக்கோங்க, வெச்சதை உண்மையா வெச்சுக்கோங்க.

ஒரு உதாரணத்தோட போவோம்

பஸ் டிக்கெட் புக்கிங் ஆப் ஒண்ணு எழுதுற டீம்னு வெச்சுக்குவோம். டெவலப்பர் நாலு பேர், டெஸ்டர் ஒருத்தர், புராடக்ட் ஓனர் (எதைச் செய்யணும்னு முடிவு பண்றவர்) ஒருத்தர். இந்த ஸ்ப்ரிண்ட்ல (சில வாரத்துல முடிக்கிற ஒரு கட்ட வேலை) வந்த ஸ்டோரி (பயனருக்கு என்ன வேணும்ங்கற சின்னக் குறிப்பு), "பயணி சீட்டைத் தேர்ந்தெடுத்து யூபிஐல பணம் கட்டணும்". ஸ்டோரியில அவ்வளவு தான் இருக்கு. கேக்க சின்னதா இருக்கு, நாலஞ்சு பாயிண்ட்னு (வேலை எவ்வளவு பெருசுன்னு சொல்ற அளவு) எஸ்டிமேட் போட்டுட்டு போயிடலாம் போல இருக்கும்.

இப்ப போர்டு பக்கம் போய் ஒரு சீட்டோட நிலை என்னென்னனு மட்டும் வரையலாம். காலி. ஒருத்தர் தொட்டா ஹோல்ட். பணம் கட்டப் போனா பேமெண்ட் பெண்டிங். பணம் வந்தா கன்ஃபர்ம். வரலைனா திரும்ப காலி. ஹோல்ட் டைம் முடிஞ்சாலும் திரும்ப காலி. அஞ்சு நிமிஷ வேலை. இதைப் பாத்துட்டு டெஸ்டர் ஒரு கேள்வி கேப்பாங்க: "ஹோல்ட் டைம் முடிஞ்சு சீட் காலி ஆகி, அதை வேற ஒருத்தர் எடுத்துட்டாரு, அதுக்கப்புறம் முதல் ஆளோட பேங்க்ல இருந்து சக்சஸ்னு வந்தா என்ன பண்றது?" படத்துல அதுக்கு அம்புக்குறியே இல்ல. கோடுலயும் இருந்திருக்காது. யூபிஐ பயன்படுத்துற எல்லாருக்கும் இது தெரியும், பணம் போயிடும், ஸ்க்ரீன்ல பெண்டிங்னு காட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு தான் முடிவு தெரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போற கூட்டம் ஏறுற ராத்திரியில இது நடந்தா ஒரே சீட்டுக்கு ரெண்டு குடும்பம் பஸ் வாசல்ல நிக்கும்.

அந்த ஒரு கேள்வி வந்ததே போர்டு முன்னாடி நின்ன அஞ்சு நிமிஷத்தோட பலன். ஸ்டோரியைப் படிச்சா வராது, படத்துல ஒரு பெட்டியில இருந்து வெளிய போற வழி இல்லைன்னு கண்ணால பாத்தா தான் வரும். அதனால மாடலிங்னா வேலை முடிஞ்சப்புறம் போடுற டாக்குமெண்ட்னு நினைக்காதீங்க, வேலை ஆரம்பிக்கும்போது போடுறது தான் ரொம்ப லாபம், அதுல நல்லதா இருக்குறதை பின்னாடிக்கு எடுத்து வெச்சுக்கலாம்.

டீம் பேசி ஒரு முடிவுக்கு வருது. ஹோல்ட் 8 நிமிஷம். லேட்டா பணம் வந்தா, சீட் இன்னும் காலியா இருந்தா கன்ஃபர்ம், இல்லைனா உடனே ரீஃபண்ட். பேமெண்ட் முடிவு தெரியுற வரைக்கும் சீட்டைப் பிடிச்சே வெச்சிருக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அதை ஏத்துக்கல, ஏன்னா கூட்ட நாள்ல பாதி பஸ் நிறைஞ்ச மாதிரி பொய்யா காட்டும், பஸ் ஓனருங்க சண்டைக்கு வருவாங்க.

கவனிங்க, கோடுல இதுல எது போகும்? 8ங்கற நம்பர் போகும். ஒரு இஃப் கண்டிஷன் போகும். ரெண்டு வருஷம் கழிச்சு புதுசா சேர்ந்தவர் அந்த 8ஐப் பாத்து, இது ஏன் 8, ரவுண்டா 15னு வெச்சுடலாமேன்னு நல்ல எண்ணத்துல தான் மாத்துவாரு.

இதுக்குத் தான் ஏடிஆர்னு ஒரு வழக்கம் இருக்கு, ஆர்க்கிடெக்சர் டெசிஷன் ரெக்கார்ட், நம்ம மொழியில முடிவுக் குறிப்புன்னு வெச்சுக்கலாம். மைக்கேல் நைகார்ட்ங்கறவர் 2011ல எழுதின ஒரு பதிவுல இருந்து பரவினது. ஒரு முடிவுக்கு ஒரு சின்ன ஃபைல், ஒண்ணு ரெண்டு பக்கத்துக்கு மேல போகக்கூடாது, நம்பர் போட்டு கோடோடயே ரெப்பாசிட்டரில (கோடை எல்லாம் சேர்த்து வெக்கிற இடம்) வெக்கணும். அதுல அஞ்சு பகுதி: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவு. நம்ம கேஸ்ல இப்படி வரும்:

தலைப்பு: 14. சீட் ஹோல்ட் நேரமும் லேட்டா வர்ற பேமெண்ட்டும்
நிலை: ஏத்துக்கிட்டாச்சு
சூழல்: யூபிஐ பேமெண்ட்டோட கடைசி முடிவு சில நேரம் ரொம்ப லேட்டா வருது. அது வரைக்கும் சீட்டைப் பிடிச்சு வெச்சா கூட்ட நாள்ல பஸ் நிறைஞ்ச மாதிரி காட்டும். பிடிக்காம விட்டா ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் பணம் கட்டிடுவாங்க.
முடிவு: ஹோல்ட் 8 நிமிஷம். அதுக்கப்புறம் சக்சஸ் வந்தா சீட் காலியா இருந்தா மட்டும் கன்ஃபர்ம், இல்லைனா தானா ரீஃபண்ட். முடிவு தெரியுற வரைக்கும் பிடிச்சு வெக்கிற வழியை யோசிச்சோம், வேண்டாம்னு விட்டோம்.
விளைவு: சில பயணிகளுக்கு பணம் போயும் சீட் கிடைக்காது, சப்போர்ட்டுக்கு கால் வரும். ஹோல்ட் நேரத்தை மாத்தினா ரீஃபண்ட் ஜாப் (தானா ஓடி பணத்தைத் திருப்பி அனுப்புற புரோகிராம்) ஓடுற நேரத்தையும் மாத்தணும்.

அவ்வளவு தான். எழுத கால் மணி நேரம் ஆகும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசிப் பகுதி, ஏன்னா நல்லதை மட்டும் எழுதாம இந்த முடிவால வர்ற கஷ்டத்தையும் எழுத வெக்குது, "இதை மாத்தினா அதையும் மாத்தணும்"ங்கற அந்த ஒரு வரி இருந்தா புதுசா வந்தவர் ரெண்டு நாள் தேடி அலையத் தேவையில்ல. முடிவு பின்னாடி மாறினா பழைய குறிப்பை அழிக்கக்கூடாது, திருத்தவும் கூடாது, புது நம்பர்ல புதுக் குறிப்பு எழுதி, பழசோட நிலையில மட்டும் இதுக்குப் பதிலா 31ஐப் பாக்கவும்னு போடணும். அப்ப தான் டீம் எப்படி யோசிச்சு எப்படி மாறி வந்துச்சுங்கற வரலாறு தெரியும்.

எல்லாத்துக்கும் ஏடிஆர் எழுத ஆரம்பிச்சிடாதீங்க. வேரியபிள் பேருக்கு வேண்டாம், பட்டன் கலருக்கு வேண்டாம். பின்னாடி மாத்தணும்னா செலவாகும்ங்கற முடிவு, இல்லைனா டீமுக்குள்ள நல்லா விவாதம் நடந்து எடுத்த முடிவு, இந்த ரெண்டுக்கும் எழுதினா போதும்.

முழு சிஸ்டத்துக்கும் ஒரு படம் வேணுமேன்னு கேட்டா, சைமன் பிரவுன் உருவாக்கின சி4 மாடலைப் பாருங்க. மேப்ல ஜூம் பண்ற மாதிரி நாலு மட்டம். முதல் மட்டத்துல நம்ம சிஸ்டம் ஒரே பெட்டி, சுத்தி பயணி, பஸ் ஓனர், பேமெண்ட் கேட்வே, எஸ்எம்எஸ் அனுப்புற சேவை. ரெண்டாவது மட்டத்துல அந்தப் பெட்டிக்குள்ள மொபைல் ஆப், ஏபிஐ (ஆப் கேக்குறதுக்கு பதில் குடுக்குற பகுதி), டேட்டாபேஸ், ரீஃபண்ட் ஜாப், எது எதோட பேசுதுன்னு. மூணாவது, நாலாவது மட்டம் கோடு கிட்ட போயிடும், அது வாரா வாரம் மாறும், முதல் ரெண்டு மட்டமே பெரும்பாலான டீமுக்குப் போதும்னு அந்த மாடலை உருவாக்கினவங்களே சொல்றாங்க. அம்புக்குறி மேல என்ன போகுதுன்னு ரெண்டு வார்த்தை எழுதுங்க, வெறும் அம்புக்குறி மட்டும் போட்டா பாக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

எங்க வெக்கிறதுங்கறது நிறைய பேர் யோசிக்காத விஷயம், ஆனா மாடல் உயிரோட இருக்குமா சாகுமான்னு அதுதான் முடிவு பண்ணுது. பிபிடில இருக்குற படம் செத்துடும். ஒருத்தரோட லேப்டாப்ல இருக்குற படம் அவரோடயே போயிடும். மெர்மெயிட், பிளான்ட்யூஎம்எல் மாதிரி டூல்ல படத்தை எழுத்தா எழுதலாம், டூல் தானா பெட்டி அம்புக்குறியா வரைஞ்சு குடுக்கும், 2022 பிப்ரவரில இருந்து கிட்ஹப் (கோடை வெச்சுப் பகிர்ந்துக்குற தளம்) மெர்மெயிட்டை நேரடியாவே படமா காட்டுது. எழுத்தா இருக்குறதால கோடு பக்கத்துலயே கிட்ல (கோடுல நடக்குற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வெக்கிற டூல்) இருக்கும், யார் எப்ப ஏன் மாத்தினாங்கன்னு ஹிஸ்டரி இருக்கும், முக்கியமா கோடு மாத்துற அதே புல் ரிக்வெஸ்ட்ல (மாத்தினதைப் பாத்து சேர்த்துக்கோங்கன்னு அனுப்புறது) படத்தையும் மாத்தலாம், ரிவ்யூ பண்றவர் "ஸ்டேட் புதுசா ஒண்ணு சேர்த்திருக்கீங்க, படத்துல காணோமே"ன்னு கேக்கலாம். இந்த ஒரு கேள்வியை ரிவ்யூல வழக்கமா கேக்க ஆரம்பிச்சாலே படம் பழசாகுற பிரச்சனை பெருமளவு குறைஞ்சிடும். படத்தை அப்டேட் பண்ண தனியா ஒரு டிக்கெட் (வேலைக் குறிப்பு) போட்டு அடுத்த ஸ்ப்ரிண்ட்டுக்குத் தள்ளினீங்கன்னா, அது பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) அடியிலயே கிடக்கும்.

அஜைல்ல ஏற்கனவே இருக்குற மீட்டிங்குக்குள்ளயே இதெல்லாம் அடங்கிடும், புது மீட்டிங் தேவையில்ல. ரிஃபைன்மெண்ட்ல (வரப்போற ஸ்டோரியை முன்கூட்டியே பேசித் தெளிவாக்குற மீட்டிங்) ஸ்டோரி பேசும்போது போர்டுல வரையலாம், ரிமோட் டீம்னா எக்ஸ்காலிட்ரா மாதிரி ஆன்லைன் போர்டு ஏதாவது ஒண்ணுல. வரையுறது ஒரே ஆளா இருக்கக்கூடாது, மார்க்கரை கை மாத்திக்கிட்டே இருக்கணும், சீனியர் மட்டும் வரைஞ்சு மத்தவங்க தலையாட்டினா அறிவு இன்னும் ஒரே மண்டையில தான் இருக்கு. புதுசா ஒருத்தர் சேர்ந்தா அவருக்கு நாம படத்தை விளக்குறதை விட, ஒரு வாரம் கோடு பாத்துட்டு அவரையே வரையச் சொல்லி நாம பக்கத்துல நின்னு திருத்தினா அவருக்கும் ஏறும், நம்ம படத்துல எங்க ஓட்டை இருக்குன்னு நமக்கும் தெரியும். அவர் கேக்குற கேள்வியை அப்படியே குறிச்சு வெச்சுக்கோங்க. ஒரே கேள்வியை ரெண்டு பேர் தனித்தனியா கேட்டாங்கன்னா அதுக்கு ஒரு மாடலோ குறிப்போ வேணும்னு அர்த்தம், எதை எழுதணும்னு தெரியாம முழிக்கிறவங்களுக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

இப்ப ஏஐ டூல் கிட்ட கோடைக் குடுத்தா அதுவே படம் வரைஞ்சு விளக்கம் குடுத்துடுதே, இதெல்லாம் எதுக்குன்னு கேக்கலாம். கோடுல இருக்குறதை அது நல்லாவே சொல்லும், அதுக்குத் தாராளமா பயன்படுத்துங்க. ஆனா பஸ் ஓனருங்க சண்டைக்கு வருவாங்கன்னு யோசிச்சு தான் அந்த வழியை விட்டோம்ங்கறது கோடுல எங்கயும் இல்ல, எழுதி வெக்கலைனா அதுவும் நம்மள மாதிரி ஊகம் தான் பண்ணும், ஏடிஆர் ஃபைல் ரெப்பாசிட்டரில இருந்தா அதைப் படிச்சு சரியா சொல்லும்.

கடைசியா, ஏற்கனவே எல்லாரும் போயிட்ட பழைய ப்ராஜெக்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு. மொத்த சிஸ்டத்தையும் டாக்குமெண்ட் பண்ண உக்காராதீங்க, முடியாது. அடுத்த ஸ்டோரிக்காக நீங்க தொடப் போற பகுதியை மட்டும் எடுத்து, கிட் ஹிஸ்டரி, பழைய டிக்கெட், சப்போர்ட் டீம்ல ரொம்ப வருஷமா இருக்குற ஆளு, இந்த மூணையும் விசாரிச்சு, தெரிஞ்சதை வெச்சு ஒரு சின்ன படமும் ஒரு முடிவுக் குறிப்பும் எழுதுங்க. காரணம் கிடைக்கலைனா காரணம் கிடைக்கலைன்னே எழுதுங்க: இந்த டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கற வரம்பு) ஏன் 40 செகண்ட்னு தெரியல, இன்ன கமிட்ல (கிட்ல பதிஞ்ச ஒரு மாத்தம்) இருந்து இப்படி இருக்கு, 20க்குக் குறைச்சுப் பாத்தோம், ராத்திரி ஓடுற ரிப்போர்ட் ஃபெயில் ஆச்சு, அதனால அப்படியே விட்டிருக்கோம். நிலைங்கற இடத்துல "காரணம் தெரியாது, சோதிச்சுப் பாத்தது"ன்னு போட்டு கமிட் பண்ணிடுங்க, அடுத்து வர்றவர் அதே சோதனையை மறுபடி முதல்ல இருந்து பண்ண வேண்டியதில்ல.